சத்தமில்லாமல் ஒட்டிய பெட்டி

கலையைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதியும் இல்லை. பள்ளிப் படிப்போடு நின்றவள், நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவள். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வேலையிடத்தில் பெட்டி ஒட்டும் டேப் கிறீச்சிடும்போதெல்லாம் அக்காவின் நினைவு வந்து நெஞ்சு படபடக்கிறது. எழுதினாலாவது அடங்குமோ என்று பார்க்கிறேன்.

அக்கா மட்டக்களப்புக்காரர். கியூபெக்கின் லாசாலில் நாங்கள் பெட்டி கட்டும் பண்டகசாலையில் எனக்குப் பக்கத்து மேசை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு சின்னத் திரை இருக்கும். கை சுணங்கினால் அது சிவக்கும். சிவப்பாகவே நின்றால் வேலை போய்விடும். அக்காவின் திரை சிவந்து நான் கண்டதில்லை. அவருடைய கட்டடத்தின் மேல்மாடியில் கலைவேலை செய்யும் ஓர் இளம் கியூபெக் பெண் குடியிருந்தாள். கண்காட்சிக் கூடத்தில், ஆட்கள் பார்த்திருக்க, ஒரே ஒரு பெட்டியைப் பின்னேரம் முழுவதும் ஒட்ட முடியுமா என்று அவள் அக்காவிடம் கேட்டாளாம். எல்லோரையும் விரட்டும் இந்தக் காலத்துக்கு அதுதான் தன் பதில் என்றாளாம்.

“ஒரு பெட்டிக்கு ஒரு பின்னேரமா? நம்மட சூப்பர்வைசர் கண்டா மயங்கி விழுந்திடுவான்,” என்று சிரித்த அக்கா, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே ஒரு மேசை. கண் மூடித் திறப்பதற்குள் அக்கா பெட்டியை ஒட்டித் தள்ளிவிட்டு அடுத்ததற்குக் கை நீட்டினார். அடுத்தது இல்லை. “இப்ப என்ன புள்ள செய்யிற?” என்று என்னைப் பார்த்தார். அந்தப் பெண் இன்னொரு பெட்டியை வைத்து, மெதுவாக என்று கெஞ்சினாள். அதுவும் அப்படியே முடிந்தது. மூன்றாவது பெட்டியில் அக்கா கைகளை நிறுத்திப் பார்த்தார். விரல்கள் நடுங்கின. “நிப்பாட்டினா பயமாக் கிடக்கு,” என்றார். பார்த்திருந்தவர்கள் அந்த நடுக்கத்தையும் கலை என்றே நினைத்தார்கள். ஒருவர் படம் பிடித்தார். வேலையிடத்தில் யாராவது அதைப் பார்த்துவிட்டால்?

பிறகு அக்கா டேப்பை இழுக்கத் தொடங்கினார். அவ்வளவு மெதுவாக இழுத்தால் அது கிறீச்சிடாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வெளியே இருட்டும்வரை இழுத்தார். நடுக்கம் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. திரும்பும்போது பஸ்ஸில், “நாளைக்கும் இந்தக் கை இப்பிடியே நிண்டா என்ன செய்யிற?” என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

இப்போது அவருடைய மேசையில் நான் நிற்கிறேன். யாரும் பார்க்காத நேரம் டேப்பை மெதுவாக இழுத்துப் பார்ப்பேன். திரை சிவக்குமுன் பயம் வந்துவிடும். டேப் கிறீச்சிடும்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள், மத்தியானத்துக்கு முன்பே அக்காவின் திரை சிவந்தது. அவர் அதைப் பார்த்தார். கை வேகமாகவில்லை. முடியவில்லையா, வேண்டாம் என்று விட்டாரா, நான் கேட்கவில்லை. பின்னேரம்வரை திரை சிவப்பாகவே நின்றது. வேலை முடிந்ததும், இனி வரவேண்டாம் என்று அவரிடம் சொன்னார்கள்.