முதல் ஜீ.பி.எஸ்., ஒரு தசமப் புள்ளி, கொஸ்லந்த மலை

சென்ற பதிவின் கீழே இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஜியோகேஷிங் போவதற்கு முதல்முதலாகக் கையடக்க ஜீ.பி.எஸ். வாங்கப் போகிறோம், எதைப் பார்த்து வாங்குவது என்று. நான்கு வரியில் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் கொஸ்லந்தப் பக்கம் நடந்ததைச் சொல்லாமல் அந்தப் பதிலை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆகவே இது கொஞ்சம் நீளம்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் யாழ்ப்பாணத்துக்காரி, பதுளையில் கணித ஆசிரியை. ஜியோகேஷிங் என்பது பெரியவர்கள் விளையாடும் ஒளித்துப்பிடித்தல். யாரோ ஒருவர் ஒரு சிறு பெட்டியை எங்கேயாவது ஒளித்துவைத்து, அந்த இடத்தைக் காட்டும் இரண்டு எண்களை, அகலாங்கையும் நெட்டாங்கையும், இணையத்தில் போடுவார். நாம் தேடிப்போய், உள்ளே இருக்கும் கொப்பியில் பெயர் எழுதிவிட்டு, பெட்டியை அதே இடத்தில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். எட்டு மாதங்கள் கைத்தொலைபேசியை வைத்துத்தான் தேடினேன். மழையில் திரை விரலுக்குக் கட்டுப்படாது. பள்ளத்தில் இறங்கினால் இணையம் போய்விடும். மலைக் குளிரில் பற்றரி பத்து மணிக்கே சிவப்பாகும். அதனால்தான் தனிக் கருவி.

பண்டாரவளையில் பழைய கமராக்கள் விற்கும் கடையொன்றில் ஏற்கெனவே யாரோ பாவித்த இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று பெரிய தொடுதிரையும் வண்ண வரைபடமும் கொண்டது, அறுபத்திரண்டாயிரம். மற்றது பொத்தான்கள் உள்ள சின்னது, முப்பத்துநான்காயிரம். இரண்டையும் வெளியே வீதிக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பெரியதன் திரையில் என் முகந்தான் தெரிந்தது. சின்னதன் திரை வெயிலில் இன்னும் தெளிவாக இருந்தது. அதற்கு வேண்டியவை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் இரண்டு சாதாரண பற்றரிகள். சின்னதையே வாங்கினேன். அந்தத் தெரிவில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை.

வாங்கிய அன்று அது ஒரு செய்மதியையும் பிடிக்கவில்லை. ஏமாந்துவிட்டேன் என்று கடைக்காரரிடம் திரும்பிப் போனேன். "மாசக்கணக்கா மூடிக் கெடந்த சாமானுங்க. வெட்டவெளியில ஒரு இருவது நிமிசம் ஆடாம அசையாம வைங்க" என்றார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மதிலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் காவல் நின்றேன். பதினேழாவது நிமிடத்தில் பிடித்தது.

அடுத்த கோளாறு என்னுடையது. பண்டாரவளைக்கு வெளியே இருந்த ஒரு பெட்டியைத் தேடி, இணையத்தில் இருந்த 49.530 என்ற எண்ணை அப்படியே அடித்தேன். கருவி என்னைக் கொண்டுபோய் ஒரு போஞ்சித் தோட்டத்தின் நடுவில் விட்டது. தோட்டக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் கருவியைப் பார்த்தேன். பழைய சொந்தக்காரர் அதைப் பாகை, நிமிடம், செக்கன் என்ற முறையில் வைத்திருந்திருக்கிறார். நான் அடித்தது நாற்பத்தொன்பதரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட, கருவி எடுத்துக்கொண்டதோ நாற்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்துமூன்று செக்கன். பிழை ஏறக்குறைய எழுநூறு மீற்றர். வீட்டுக்கு வந்து அமைப்புப் பகுதியில் 'பாகையும் தசம நிமிடமும்' என்று மாற்றினேன். ஜியோகேஷிங் தளங்கள் பாவிப்பது அந்த முறைதான். இனி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஸ்லந்தப் பயணம் ஒரு வெள்ளிக்கிழமை. பதுளையில் 5.40க்கு பஸ், பண்டாரவளைக்கு 6.55. அங்கிருந்து அப்புத்தளை வழியாகப் பெரகல சந்திக்கு 7.50. சந்தியில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் தேநீரும், மேலதிகமாக நான்கு பற்றரிகள். ஆட்டோ ஒன்று போய்வரவும் காத்திருக்கவும் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூறு. சாரதி முருகேசு, ஐம்பது வயதிருக்கும், அந்தப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவர். வெல்லவாய வீதியில் பன்னிரண்டு கிலோமீற்றர், பிறகு தோட்டப் பாதையில் மூன்று. அந்த மூன்றுக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்தது.

பாதை முடிவில் மடுவம் ஒன்று இருந்தது, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் கொட்டகை. அங்கே வேலையை மேற்பார்த்துக்கொண்டிருந்த ராமையா கங்காணியிடம் விஷயத்தைச் சொல்லி மலையில் ஏற அனுமதி கேட்டேன். கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "போங்க டீச்சர். பொம்பளைங்க மேல பதினோராம் நம்பர்ல கொழுந்து எடுக்குறாங்க. கான்ல கால வுட்டுறாதீங்க" என்றார். கான் என்றால் தேயிலை நிரைகளுக்கு இடையே மழைநீர் ஓடும் வடிகால், புல் மூடிக் கிடக்கும். முருகேசு, "நானும் வாறேன், ஆட்டோவுல தனியா குந்திக்கிட்டு என்ன செய்ய" என்று கூடவே வந்தார்.

எழுநூறு மீற்றர் ஏற்றம். 10.20 அளவில் பெட்டிக்கு இன்னும் நாற்பது மீற்றர் என்று கருவி காட்டியது. திசைமுள் ஒரு பக்கமும், பெட்டி ஒளிந்திருப்பதாக இணையத்தில் சொல்லியிருந்த பாறை மறுபக்கமும் நின்றதால், நின்ற இடத்திலேயே கருவியை மெல்லச் சுழற்றித் திசைகாட்டியைச் சீர்செய்துகொண்டிருந்தேன். அப்போதுதான் மேலேயிருந்து சத்தம் கேட்டது. முதலில் பாட்டு என்று நினைத்தேன். பிறகு பெண்கள் கூடைகளை எறிந்துவிட்டு நிரைகளுக்குள் ஓடி வருவதைக் கண்டேன்.

"குளவி! டீச்சர், படுங்க! ஓடாதீங்க, மூஞ்ச மூடுங்க!" முருகேசு என் தோளைப் பிடித்துத் தேயிலைக்கு அடியில் அமுக்கினார். மழைச்சட்டையால் தலையை மூடிக்கொண்டு மண்ணில் முகம் புதைத்துக் கிடந்தேன். கழுத்தில் இரண்டு, கையில் ஒன்று. நெருப்புச் சுட்டது போல இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, கருவியின் பதிவுப்படி ஆறு நிமிடம் நான் அசையவில்லை.

எழுந்தபோது மற்றவர்கள் ஒரு பெண்ணைச் சுற்றி நின்றார்கள். பெயர் லெட்சுமி, என் வயதுதான். முகமும் கைகளும் வீங்கி ஒரு கண் முழுதாக மூடியிருந்தது. மூச்சு விசில் மாதிரி வந்தது. கங்காணி கீழேயிருந்து ஓடி வந்தார். தோட்டத்து லொறி அடுத்த டிவிஷனுக்குப் போயிருந்தது. ஆட்டோவில் ஏற்றலாம்தான், ஆனால் வழியில் மூச்சு நின்றால் என்ன செய்வது? அம்புலன்ஸைக் கூப்பிடுவோம் என்று நான் சொன்னேன். என் போனில் இணையம் இல்லை, ஒரு கல்லின் மேல் ஏறி நின்றால் குரல் மட்டும் போனது.

மறுமுனையில் பேசியவர் இடத்தைக் கேட்டார். கங்காணி, "மேல் டிவிசன், பதினோராம் நம்பர் மலைன்னு சொல்லுங்க" என்றார். அதை என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. "பொறுங்கோ, நான் சரியான இடத்தையே தாறன்" என்று கங்காணியிடம் சொல்லிவிட்டு, கருவியைப் பார்த்து எண்களை வாசித்தேன். ஆறு, நாற்பத்துநான்கு தசம் மூன்று ஐந்து பூச்சியம், அதன்பின் நெட்டாங்கு. அவர் திருப்பிச் சொன்னார். சரி என்றேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

பத்து நிமிடம் கழித்து அம்புலன்ஸ் சாரதியே அழைத்தார். நிதானமான குரலில் சிங்களத்தில் கேட்டார்: "மிஸ், நீங்கள் கொஸ்லந்த என்றீர்களாம். இந்த எண்ணைப் போட்டால் தணமல்வில பக்கம் காடு காட்டுகிறதே?"

நான் வாசித்தது நிமிடங்களை. அவர்கள் அடித்தது பாகையின் தசமத்தை. 6 பாகை 44.350 நிமிடம் என்பது அங்கே 6.44350 பாகையாகிவிட்டது. தெற்கே முப்பத்துமூன்று கிலோமீற்றர் தள்ளி ஒரு வெற்றுக் காடு. அறுபதால் வகுக்க வேண்டும் என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான்.

கருவியில் அந்த முறையை மாற்றும் இடம் எனக்குத் தெரியும். ஆனால் வீங்கிய விரல் பொத்தானை மூன்று முறை தவறாக அழுத்தியது. கருவியைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை எடுத்து உள்ளங்கையில் வகுத்தேன். 0.73917. மற்றதையும் வகுத்துவிட்டு இரண்டையும் சாரதிக்கு இலக்கம் இலக்கமாக வாசித்து, அவர் திருப்பிச் சொல்லக் கேட்டேன். "ஆ, இப்போது தோட்டம் தெரிகிறது. இரண்டு பாதை இருக்கிறது, மேற்குப் பக்கத்தது தானே?" என்றார். அதைக் கங்காணியிடம் கேட்டு, அவர் சொன்ன பதிலைச் சிங்களத்தில் சொன்னேன்: "ஆமாங்க. மத்த பாத சரிஞ்சி கெடக்கு, அதுல வந்தா மாட்டிக்குவீங்க."

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் மற்றவர்கள் சும்மா நிற்கவில்லை. பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த இரண்டு சாக்குப் படங்குகளை அவிழ்த்து, முருகேசு வெட்டிய கம்புகளில் கோத்து, லெட்சுமியைத் தூக்கிவிட்டார்கள். "டீச்சர், இங்க நின்னா ஆகாது. கீழ எறக்கி ஆட்டோவுல வச்சி எதுக்கப் போவோம்" என்றார் முருகேசு. எழுநூறு மீற்றரை அவர்கள் இறங்கிய வேகத்தில் நான் வெறுங்கையோடு இறங்க முடியவில்லை. தோட்டப் பாதையின் இரண்டாவது மதகில், 11.14க்கு, அம்புலன்ஸ் எதிரே வந்தது. லெட்சுமிக்கு அங்கேயே ஊசி போட்டு ஒட்சிசன் கொடுத்தார்கள். பிழையான எண்ணால் போனது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் அந்த மூச்சு எத்தனை முறை தடுக்கியது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து கேட்டவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை லெட்சுமியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீக்கம் வற்றி, கட்டிலில் உட்கார்ந்து பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு நாளாக மனதில் கிடந்ததை முதலில் கேட்டேன்.

"நான் அந்தப் பாறைப் பக்கம் போனதாலதான் குளவி கலைஞ்சுதோ?"

"இல்ல டீச்சர். பருந்து வந்து கூட்ட அடிச்சிருச்சு. நாங்க பாத்தோமே. ரெண்டு வருசத்துக்கு முந்தியும் இப்புடித்தான்." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெசமாத்தான் சொல்றேன்" என்றார். நம்புகிறேன். முழுக்க நம்புகிறேனா என்று கேட்டால், சில நாட்களில்.

"அது சரி, என்னத்த தேடிக்கிட்டு வந்தீங்க?"

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். உள்ளே ஒரு கொப்பி, அதில் பெயர் எழுதுவது என்று. அவர் சிரித்ததில் இருமல் வந்துவிட்டது. "பேரு எழுதவா பதுளையில இருந்து வந்தீங்க?" பிறகு பணிஸை மடியில் வைத்துவிட்டுக் கேட்டார்: "அம்புலன்ஸ்காரருக்குச் சொன்னீங்களே, அந்த நம்பரு, எங்க மடுவத்துக்கும் இருக்குமா?"

இருக்கும் என்றேன்.

பெட்டியை வைத்தவருக்கு எழுதினேன், அவர் அதை உடனே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். நான் அதைக் கடைசிவரை காணவில்லை. இனித் தேடவும் மாட்டேன். அது தொழிலாளர் வேலை செய்யும் இடம், விளையாட்டு அங்கே விருந்தாளி மட்டும்.

கேள்வி கேட்டவர்களுக்கு இப்போது சொல்கிறேன். பொத்தான் உள்ளதை வாங்குங்கள், வெயிலில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். திரும்ப மின்னேற்றும் பற்றரி போட்டால் அமைப்பிலும் அந்த வகையையே தெரிவுசெய்யுங்கள், இல்லாவிட்டால் நிறைய மின்சாரம் இருக்கும்போதே முடிந்துவிட்டதென்று காட்டும். புதுப் பற்றரி போட்டதும் திசைகாட்டியைச் சீர்செய்யுங்கள். தோட்டங்களில் கேட்டுவிட்டு ஏறுங்கள், குளவிக் கூடு தொங்குகிறதா என்று நிழல் மரங்களை அண்ணாந்து பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் இருக்கும்போதே எண்முறையை மாற்றி மாற்றிக் கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவுக்குப் பழகுங்கள். யாருக்காவது உதவிக்கு இடம் சொல்வதானால் தசமப் பாகையில் சொல்லுங்கள். சொன்னபின், வரைபடத்தில் எந்த ஊர் தெரிகிறது என்று அவர்களிடமே கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை, தோட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, முருகேசுவின் ஆட்டோவில் மறுபடி போனேன். ஒரு நாளில் தோட்டத்தின் ஐந்து மடுவங்களின் எண்களையும் குறித்தோம். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் கருவியை ஆடாமல் வைத்து எடுத்த அளவு. கங்காணி கறுப்புப் பெயின்றால் சுவரில் எழுதினார், அம்புலன்ஸ் இலக்கத்துக்கு நேர் கீழே. மேல் டிவிஷன் மடுவத்துக்கு வந்தபோது கொழுந்து நிறுக்கும் நேரம். வேலைக்குத் திரும்பியிருந்த லெட்சுமி கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உரக்க வாசித்தார், ஒவ்வொரு இலக்கமாக, தசமத்தையும் விடாமல். நான் பாதையோரம் சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று அவற்றைப் போனில் வரைபடத்தில் அடித்தேன். புள்ளி சரியாக மடுவத்துக் கூரையில் விழுந்தது.

"சரியா?" என்று அங்கிருந்து கத்தினார்.

"சரி" என்றேன்.

அவர் வரிசையில் நின்ற மற்றப் பெண்களின் பக்கம் திரும்பினார். "இப்ப நீ வாசி" என்றார் முதலாவதாக நின்றவரிடம்.