அண்ணன் கேட்காத கூலி

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலருக்கு அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்லவர்தான். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

புக்கிட் ரோத்தானை அடுத்த ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். அப்பா தவறியபோது அவருக்குப் பதினாறு வயது. தோட்டத்து லோரிகளைப் பழுது பார்த்தே எங்கள் நால்வரையும் படிக்க வைத்தார். பிறகு சொந்தப் பட்டறை போட்டார். பழைய கார் எஞ்சின் என்றால் சுங்கை பெசாரிலிருந்தும் தேடி வருவார்கள். வந்தவர்கள் எல்லாரும் சிநேகமாகி, கூட்டாளி ஆகிவிடுவார்கள். கூட்டாளியிடம் அண்ணன் சாமான் காசு மட்டுமே வாங்குவார். கூலி கேட்க வாய் வராது. அண்ணி பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைத்துத்தான் அடுப்பு எரிந்தது.

கடைசியாக ஒரு மோரிஸ் மைனர் எஞ்சினை விற்பதற்காகப் புதுப்பித்தார். சிலிண்டரைக் கடைந்து, வால்வுகளைக் கையாலேயே தேய்த்துப் பொருத்தினார். பதினொரு மாத வேலை. நெஞ்சுவலியோடும் அதன் முன்னால் போய் உட்கார்ந்தார்.

பதினாறாம் நாள் காரியத்தன்று, சாப்பிட்ட கை காயவில்லை, ஒரு கூட்டாளி என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, அந்த எஞ்சின் எனக்குத்தான். சாமான் காசு மூவாயிரத்து எண்ணூறு வெள்ளி குடுத்தா போதும்னு அண்ணன் சொல்லிட்டாருலா.”

“வேலைக்கு?”

“கூட்டாளிக்குள்ள கூலி எதுக்குலா?”

அண்ணியைப் பார்த்தேன். “மெய்தான்மா. ஆஸ்பத்திரியில என்கிட்டயும் அப்படித்தான் சொன்னாரு. குடுத்துருவோம்” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் மேல் பாதி, அண்ணன் மேல் பாதி.

மறுநாள் புஞ்சாக் ஆலாமில் ஒரு பட்டறைக்குப் போய் விசாரித்தேன். இந்த வேலைக்குக் கூலி மட்டுமே சாமான் காசு அளவுக்கு ஆகும் என்றார்கள். அதையும் சேர்த்து ஏழாயிரத்து அறுநூறு என்று விலை வைத்தேன். கூட்டாளி கோபித்துக்கொண்டு போனார். சொந்தக்காரர்கள் பேராசைக்காரி என்றார்கள். எஞ்சின் இன்னும் விற்கவில்லை. அண்ணி இன்னும் கேண்டீனுக்குப் போகிறார்.

கடைசிச் சொல்லை மீறியதற்கு அண்ணன் என்னை மன்னிப்பார். அவர் யாரைத்தான் மன்னிக்கவில்லை?

ஆஸ்பத்திரிக்குக் கார் ஓட்டிய பக்கத்து வீட்டாருக்கும், பட்டறை வாடகைக்குத் தவணை கொடுத்த சீனத் தவுக்கே முதலாளிக்கும், பந்தல் போட்ட பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணனிடம் சும்மா வேலை வாங்கியவர்களும் இந்த மலரைக் கையில் வைத்திருப்பீர்கள். எஞ்சின் விலை ஏழாயிரத்து அறுநூறு வெள்ளி. குறைத்துக் கேட்பதென்றால் அண்ணியிடம் போகாதீர்கள், என்னிடம் வாருங்கள். நான் அண்ணன் இல்லை.

தங்கை