ஓடும் வரியில் ஒரு பெயர்

அன்று காலை எங்கள் பல்கலைக்கழக நூலக இணையதளத்தின் முகப்பில் ஒரு படத்தை மாற்றிக்கொண்டிருந்தேன். ஜெகதீசன் வீட்டிலிருந்து போன் வந்தது. அவருடைய மனைவி பேசினார். "விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி போற வழியிலயே போயிட்டாருண்ணே." திருநகரில் இருக்கும் அவர் வீட்டுக்குக் கிளம்பிப் படி இறங்கும்போது அலுவலகத்திலிருந்து இன்னொரு அழைப்பு. இரங்கல் செய்தியை இணையதளத்தின் மேலே ஓடும் வரியில் போட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள். திரும்பி வந்து போட்டேன். போட்டிருக்கக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் ஜெகதீசனோடு பழகியவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை; மற்றவர்களுக்குச் சொல்கிறேன். புத்தகம் கொடுத்து வாங்கும் கவுண்டரில் பதினெட்டு வருடம் உட்கார்ந்தவர். நான் கணினிப் பிரிவுக்குப் பொறுப்பு. பதவியில் நான் மேலே. விஷயம் தெரிந்தவர் அவர். நாலு பேர் முன்னால் என்னை "சார்" என்பார், டீக்கடையில் "அண்ணே" என்பார்.

இணையதளத்தைப் புதிதாக அமைக்கும் வேலை என்னிடம் வந்தபோது, வெளியூர்ப் பல்கலைக்கழகங்களின் பக்கங்களைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தேன். ஜெகதீசன் எட்டிப் பார்த்தார். "அடுத்தவுக வாசல் கோலத்தப் பாத்து இங்க போடுறீங்க. நம்ம வாசலுக்கு வாரவுக யாருன்னு பாத்தீங்களாண்ணே?"

மறுநாளே, கவுண்டருக்கு வந்த மாணவர்களை ஒவ்வொருவராக என் கணினி முன் உட்கார வைத்தார். வேண்டியதை அவர்களே தேட வேண்டும். நாங்கள் பின்னால் இருந்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. என்னால் அது முடியவில்லை. "இந்தா இங்க இருக்கு" என்று விரலை நீட்டிவிடுவேன். அவருக்கும் லேசில் முடியாது. அதற்காகவே சட்டைப் பையில் கடலைமிட்டாய் வைத்திருந்தார். சொல்லிவிடலாம் என்று நாக்கு துடிக்கும்போது ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நூலகத்துக்குள் தின்பண்டம் கூடாது என்று பலகை எழுதி மாட்டியவரும் அவர்தான்.

பழைய பக்கத்தின் மேலேயும் அறிவிப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. உட்கார்ந்த ஒருவர்கூட அதை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "ஓடுற எழுத்த யாருண்ணே தொரத்திப் போயிப் படிப்பா?" என்றார்.

கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து வரும் ஆய்வு மாணவி முத்துலட்சுமி ஒரு பழைய ஆய்வேட்டைத் தேடினார். 'மின்வளங்கள்' என்பதைத் திறந்தார், 'சேவைகள்' என்பதைத் திறந்தார், 'எங்களைப் பற்றி'யில் போய் நின்றார். கடைசியில் கண் கலங்கி, "எனக்குத்தான் சார் தெரியல" என்றார். ஜெகதீசன் வாயிலிருந்ததை அவசரமாக விழுங்கினார். "உங்களுக்குத் தெரியலன்னா அது எங்க தப்பும்மா. இதுக்கு என்ன பேரு வச்சிருந்தா சட்டுன்னு பாத்திருப்பீங்க? அதச் சொல்லுங்க" என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

அந்தக் குறிப்புகளிலிருந்துதான் பக்கம் உருவானது. மேலே ஒரு தேடல் பெட்டி. கீழே, புத்தகம் தேட, பழைய ஆய்வேடுகள், இன்று எத்தனை மணி வரை, யாரிடம் கேட்பது என்று நான்கே வரிகள். மொட்டையாக இருக்கிறதே என்றேன். "டவுன் பஸ்ல போர்டு அழகா இருக்கான்னா பாக்குறோம்? எங்க போகுதுன்னுதான பாக்குறோம்" என்றார்.

தொடக்க விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மேலிடத்தில் கூப்பிட்டார்கள். பெரியவர்களின் படங்கள் எங்கே, வரவேற்புரை எங்கே, அறிவிப்பு ஓட வேண்டாமா என்று கேட்டார்கள். நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது அவர்கள் மேசையில் இருந்தது. இதை இன்றுதான் வெளியே சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. தேடல் பெட்டி மூன்று படங்களுக்குக் கீழே போனது. முத்துலட்சுமி போன்றவர்கள் சொல்லிக் கொடுத்த பெயர்கள் போய்ப் பழைய பெயர்களே திரும்பின. ஜெகதீசனிடம் நான் சொல்லவில்லை.

விழாவில் திரையில் பக்கம் தெரிந்தபோது அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கத்துவார் என்று பயந்தேன். அவர் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு இணையதளம் பற்றி என்னிடம் ஒரு நாளும் பேசவில்லை. திட்டியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். டீக்கடையிலும் நான் "சார்" ஆகிவிட்டேன். இணையப் பக்கத்தில் தேடிக் கிடைக்காதவர்கள் கவுண்டருக்கு வந்தார்கள். முகம் சுளிக்காமல் அவர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்த நான்காம் நாள் முத்துலட்சுமி வந்து கணினி முன் உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றேன். முதல் முறையாக வாயைத் திறக்காமல் நின்றேன். அவர் படங்களைத் தள்ளினார், ஒவ்வொரு தலைப்பாகத் திறந்து மூடினார். திரையின் மேலே ஜெகதீசனின் பெயர் ஆழ்ந்த இரங்கலோடு ஓடி மறைந்தது, மறுபடி வந்தது, மறுபடி மறைந்தது. கடைசியில் முத்துலட்சுமி திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத்தான் சார் புரியல. ஜெகதீசன் சார் இன்னைக்கு லீவா?"

நான் அவரிடம் சொன்னேன். இரண்டு பேரும் அழுதோம். அவர் எதிரிலேயே அந்த ஓடும் வரியை எடுத்தேன். ஜெகதீசன் செய்த பக்கத்தின் பிரதி என்னிடம் இருந்தது, யாரிடமும் கேட்காமல் அதை ஏற்றினேன். "தப்பு உங்க மேல இல்லம்மா, என் மேல" என்றேன். ஜெகதீசனிடம் சொல்லியிருக்க வேண்டியது அது.

அனுமதி இல்லாமல் ஏன் மாற்றினாய் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது. நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே உறுதியாக நிற்பேனா என்று தெரியவில்லை; என் லட்சணம் எனக்குத் தெரியும்.

ஜெகதீசனின் கவுண்டர் இழுப்பறையில் பாதி காலியான ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலம் இருந்தது. அவர் மனைவியிடம் கொடுத்தபோது, "நீங்களே வச்சுக்கங்கண்ணே" என்றார். வைத்திருக்கிறேன். மாணவர்கள் தேடும்போது பின்னால் உட்கார்ந்து, பேசிவிடாமல் இருக்க ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறேன். மேலிடத்துக்குப் போகும் அன்று மட்டும் அதை மேசையிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.