மஸீனா பேரில் ஒரு காணி

இலங்கையின் மாத்தளைப் பக்கம், நாலந்தாவில், மிளகுத் தோட்டத்துக்குள் இருக்கும் வீடொன்றில் மஸீனா ஆறு வருடமாகச் சமைக்கிறார். எஜமான், அங்கே வாடகைக்கு இருக்கும் எழுபது வயது டச்சுக்காரர் யான். புருஷன் மௌத்தான பிறகு அந்த வீட்டின் பின்னறைதான் மஸீனாவுக்கும் இருப்பிடம்.

வருடா வருடம் விசாவைப் புதுப்பித்து, கடைசிவரை இங்கேயே இருந்துவிட நினைத்தவர் யான். தோட்டத்தை விற்கப்போவதாக அதன் சொந்தக்காரர் நளீம் ஹாஜியார் சொன்னதும் ஆடிப்போனார். வெளிநாட்டவர் பேருக்குக் காணி எழுதச் சட்டம் விடாது.

வழி சொன்னது காணித் தரகர் பஸ்லி, மஸீனாவுடைய புருஷனின் சகோதரி மகன்.

"மாமி, உங்கட பேருல எழுதுவோம். சல்லி அவருட. கேட்டா, கட்டார்ல இரிக்கிற மகன் அனுப்பின எண்டு செல்லுங்க."

"பொய் செல்லச் செல்றியா மகன்?"

"ஒரு வார்த்ததானே. இல்லாட்டி அவரு ஊருக்குப் போவாரு. நீங்க எங்க போற?"

மஸீனா ஒரு கிழமை, ஏழு நாளும், தொழுகைப் பாயில் அழுது துஆக் கேட்டுவிட்டுச் சம்மதித்தார். ஆனால் தான் நாளைக்கே மௌத்தானால் மகனும் மற்ற வாரிசுகளும் பங்குக்கு வருவார்கள். அடுத்தவர் பொருளை அமானிதமாகப் பொறுப்பேற்றால் அதற்குச் சாட்சி வைக்க வேண்டும் என்றுதான் சிறுவயதில் ஓதிக்கொடுத்தார்கள். ஆகவே பஸ்லிக்குச் சொல்லாமல் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் புஹாரியிடம் போய் ஒரு காகிதம் எழுதுவித்தார். காணி தன்னுடையதல்ல, யானுடையது, தன் மௌத்துக்குப் பிறகும் அவருக்கே. மோதினாரும் அவருடைய தம்பி இத்ரூஸும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மாத்தளையில், காணி உறுதிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிஸ் சந்திரகாந்தாவின் காரியாலயம். யான் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார். ஹாஜியார் அடிக்கடி நேரம் பார்த்தார்.

"காசு யாரோடதும்மா?" என்று நொத்தாரிஸ் கேட்டார்.

பஸ்லி கண்ணால் சைகை காட்டினார். மஸீனா கைப்பையைத் திறந்து காகிதத்தை நீட்டினார்.

"எல்லாம் இதுல இரிக்கு மேடம். உறுதியோட சேத்து வைங்க."

நொத்தாரிஸ் இரண்டு தரம் வாசித்தார். பேனையை மூடினார். "இதப் பார்த்த பெறகு என்னால இந்த உறுதிய எழுத ஏலாதும்மா."

"கள்ளன் பொலிசுக்குச் செல்லிட்டுப் போற மாதிரி செஞ்சிட்டீங்க மாமி" என்றார் பஸ்லி பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப களவெண்டு தெரிஞ்சுதான் என்னக் கூட்டி வந்தியா மகன்?"

நொத்தாரிஸ் யானுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். யானின் முகம் சிவந்தது. "ஹாஜியார் சம்மதிச்சா நீண்ட குத்தகைக்கு எழுதலாம். அதுக்குச் சட்டம் எடம் குடுக்குது" என்றும் நொத்தாரிஸ் சொன்னார்.

எல்லோரும் ஹாஜியாரைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்தார்.

"எனக்கு விக்கத்தான் தேவ. மகளுட கலியாணம் இரிக்கு. நோன்புக்கு முந்தி வீட்ட விட்டுத் தாங்க." எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் யான் சோறு வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டார். இனி இந்த வீட்டில் தனக்கு வேலையில்லை என்று மஸீனா உடுப்புகளை மடித்து வைத்தார்.

மறுநாள் காலையில் யான் அடுப்பு எரியும் குசினியின் வாசலில் வந்து நின்றார். சிங்களமும் தமிழும் கலந்து கேட்டார்.

"மஸீனா, அப்பி எங்க போறது?"

சிங்களத்தில் 'அப்பி' என்றால் நாங்கள்; அவர் சொன்னது இருவரையும்தான். மஸீனா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "தேடுவம் மாத்தயா."

நேற்று வஹகோட்டைப் பக்கம் ஒரு வீடு பார்க்கப் போனார்கள். விலைக்கா என்று வீட்டுக்காரர் கேட்க, யானுக்கு முந்தி மஸீனா வாய் திறந்தார். "இல்ல, குத்தகைக்கு. அவருட பேருலயே."

மனைவியைக் கேட்டு வெள்ளிக்கிழமை சொல்வதாக வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். நோன்புக்கு இன்னும் பதினேழு நாள்.