நெட்டுக்குப்பத்தில் அன்று மழை இல்லை

லூர்து துறைமுகத்தில் முப்பத்து நான்கு வருடம் பெட்டி எண்ணியவர். கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை என்று மட்டும் எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு, இதே குணத்துக்காகத்தான் எங்கள் சங்கம் அவரைக் கூப்பிட்டுக்கொண்டது.

சங்கத்தின் பெயர் கடலோரக் காலநிலைப் பயன்பாட்டாளர் சங்கம். பேராசிரியர்களும் பொறியாளர்களும் காப்பீட்டுக்காரர்களும் உறுப்பினர்கள். வானத்தைப் பற்றித் தெரிந்ததை வடிகாலுக்கும் படகுக்கும் உதவும்படி மாற்றித் தருவது எங்கள் வேலை. ராயபுரம் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில், தேவப்பிரியத்தின் மளிகை மண்டிக்கு மேலே, இரண்டாவது மாடியில் அலுவலகம். அடைமழையில் எங்கள் கூரை ஒழுகும். எவ்வளவு ஒழுகும் என்று அளந்தவர் யாரும் இல்லை.

கரையோரக் குப்பங்களில் பதினோரு பேர் எங்களுக்காகத் தன்னார்வமாய் மழை அளந்தார்கள். மழைமானிக்கு அங்கே மழை டப்பா என்று பெயர். காலை எட்டரைக்கு டப்பாவில் சேர்ந்த நீரை அளந்து நோட்டில் எழுத வேண்டும். பெய்திருந்தால் எண், பெய்யாவிட்டால் சுழியம், போய்ப் பார்க்காவிட்டால் ஒரு கோடு. எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது. பயிற்சியில் இதை மட்டும் மூன்று முறை சொன்னோம். நெட்டுக்குப்பத்து இன்னாசி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போய், பெய்யாத நாளுக்கெல்லாம் ‘இல்ல’ என்று எழுதினார். லூர்து அதைக் கணினியில் சுழியமாகத் தட்டினார். ஏற்பாடு நன்றாகவே ஓடியது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஐஸ் வண்டி ஓட்டும் ஃப்ரெடி நோட்டைக் கொண்டுவந்து மேஜையில் போட்டுவிட்டுப் போவான்.

பத்து வருடம் ஆனது. இந்தக் கரையில் ஒரு நாள்கூட விடுபடாத ஒரே பதிவு நெட்டுக்குப்பத்தினுடையது என்று தெரிந்ததும் சங்கத்துக்கு இன்னாசியின் நினைவு வந்தது. அவருக்குப் பாராட்டிதழும், பத்து வருட மழையை நாளுக்கு ஒரு குச்சியாய் வரைந்து கண்ணாடி போட்ட படமும் தயாராயின. எவ்வளவு பெய்தால் குப்பத்துப் பாதை மூழ்கும் என்ற எச்சரிக்கை அளவையும் இந்தப் பதிவை வைத்தே கணக்கிட்டு, ஆண்டுக் கூட்டத்தில் வெளியிட இருந்தோம். ஒரே ஒரு நெருடல். 2,897ஆம் நாளில் ஒரு சொட்டு மழைகூட இல்லாமல் பாதை மூழ்கியிருந்தது. எங்கள் கோப்பில் நாளுக்கு எண்தான் உண்டு, தேதி கிடையாது; அது எந்த நாள் என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. அறிக்கையில் அதைக் கடல்மட்ட விளைவு என்று ஒரு பத்தியில் அழகாக விளக்கிவிட்டோம்.

படத்தை மடியில் வைத்துக்கொண்டு லூர்து ஃப்ரெடியின் வண்டியில் ஏறினார்.

“இன்னாசி வூட்ல இத்த மாட்ட செவுரு கீதாடா?”

“செவுரு கீது நைனா. ஆனா அங்க அவரே மாட்டிக்கினு கீறாரு.”

“இன்னாடா உளர்றே?”

“புயல்ல பூட்டாரு. ரெண்டு வருசம் ஆவுது.” ஃப்ரெடி ஒரு டேங்கர் லாரிக்கு ஒதுங்கி வழிவிட்டான். “உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிக்கினு இருந்தேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா அவரு நோட்ட வச்சிக்கினு கணக்கு போட்றது நீங்கதான?”

லூர்து படத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார். இரண்டு வருடமாக நோட்டு வந்துகொண்டுதான் இருந்தது. போன வாரமும் வந்தது.

கதவைத் திறந்தவர் இன்னாசியின் மனைவி ஜானட். பாராட்டிதழை அவர் பார்க்கவில்லை. படத்தைத்தான் பார்த்தார். வருடத்துக்கு ஒரு வரியாகப் பத்து வரி. எட்டாவது வரியில் விரலை வைத்து, டிசம்பருக்கு நகர்த்தி, ஒரு இடத்தில் நிறுத்தினார். அங்கே குச்சி இல்லை.

“இங்க இன்னா ஒண்ணியும் இல்ல?”

“அன்னிக்கு சைபரும்மா. நோட்ல இல்லன்னு எழுதியிருந்துது.”

“அது அவரு எழுதல. நான் எழுதுனது.” விரலை எடுக்கவில்லை. “எட்டரை ஆச்சு, டப்பாவ பாக்கணும்னு தண்ணில எறங்குனாரு. வாணாம்யான்னு கத்துனேன். கட்டத்த காலியா வுட்டா ஆபீசுல திட்டுவாங்கோன்னுட்டு போனாரு. அன்னிக்கு சாய்ங்காலம் முகத்துவாரத்தாண்ட கெடச்சாரு. எடுத்து அடக்கம் பண்ணிட்டு வந்து நோட்ட தொறந்தேன். கட்டம் காலியா இருந்துது. இல்லன்னு எழுதுனேன்.”

“மழ இல்லன்னா?”

“அவரு இல்லன்னு.”

“அப்புறம் எழுதுனதெல்லாம்?” என்று கேட்டார் லூர்து.

“நான்தான். டப்பா அங்கியே நின்னுகினு கீது. அவரத்தான் தண்ணி இஸ்துகினு போச்சு.” ஜானட் படத்தைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார். “மழையே பேயலன்னு போட்டுக்கீறீங்கோ. அப்ப எங்க வூட்டுக்காரு எதுலண்ணா செத்தாரு? இத்த மாத்திக் குடு. இல்லாங்காட்டி எட்த்துகினு போ.”

படம் அலுவலகத்துக்கே திரும்பி வந்தது. லூர்து நோட்டுகளை எடுத்துப் அருகருகே வைத்துப் பார்த்தார். 2,897ஆம் நாள் வரை நான்கு என்ற எண்ணின் தலை திறந்திருந்தது. அதற்குப் பிறகு மூடியிருந்தது. இரண்டு வருடம் ஆள் மாறியது தெரியாமல் தட்டியிருக்கிறார். அந்த நாளின் தேதியைப் பின்னோக்கி எண்ணிக் கண்டுபிடித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அன்று காலை எட்டரைக்கு லூர்து தன் வீட்டில் முழங்கால் தண்ணீரில் நின்று டிவியைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்று மாதம் கழித்து, அதே கையால், அந்த நாளுக்குச் சுழியம் போட்டிருக்கிறார்.

செயலாளர் அலெக்ஸாண்டர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார்.

“மூவாயிரத்து அறுநூறு நாள்ல ஒரு நாள் லூர்து. அதைத் தொட்டா இடைவெளி வந்துடும், அறிக்கையும் போயிடும். பயிற்சி எடுக்காதவங்க அளந்தது செல்லாதுன்னு விதி வேற இருக்கு. அந்தம்மாவோட ரெண்டு வருஷமும் குப்பைக்குப் போகும். பேசாம இருக்கிறதுதான் அவங்களுக்கு நல்லது.”

“போர்ட்ல ஒரு பெட்டி காணலன்னா காணலன்னு எழுதுவோம் சார்,” என்றார் லூர்து. “வரவே இல்லன்னு எழுத மாட்டோம்.”

அன்று மதியமே சுழியத்தை அழித்துக் கோடு போட்டார். குறிப்புக் கட்டத்தில் ‘அளக்கப் போனவர் திரும்பவில்லை’ என்று தட்டி, கீழே தன் பெயரைப் போட்டார். திரையில் நெட்டுக்குப்பம் பச்சையிலிருந்து சிவப்பானது. ஆண்டுக் கூட்டத்தில் அறிக்கை வெளிவரவில்லை. கடல்மட்ட விளைவை எழுதிய பேராசிரியர் சில காலம் படியேறவில்லை.

இனி எந்த அளவை நம்புவது என்று பார்க்க, புள்ளியியல் படித்த ஷைனி என்ற உறுப்பினரிடம் நோட்டுகள் போயின. அக்கம்பக்கத்து மழைமானிகளோடு ஒப்பிட்டு அவர் கொண்டுவந்த முடிவு யாருக்கும் வசதியாக இல்லை. பயிற்சி பெற்ற இன்னாசி எட்டு வருடமும் ஐந்துக்கும் பத்துக்கும் முழுமையாக்கியே எழுதியிருந்தார். பயிற்சி பெறாத ஜானட் ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. விதி விதிதானே, ஜானட்டை ராயபுரத்துக்கு வரவழைத்து, மழை டப்பாவை எப்படிப் பார்ப்பது என்று ஒரு நாள் முழுக்கச் சொல்லிக்கொடுத்தோம். கேட்டுக்கொண்டார். கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்ற விதி வந்தபோது பயிற்சியாளர் அந்தப் பக்கத்தைப் படிக்காமலே புரட்டினார்.

படம் புதிதாக வரையப்பட்டு ஜானட் வீட்டுச் சுவரில், இன்னாசிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நாளில் குச்சிக்குப் பதில் ஒரு கோடு.

லூர்து இப்போது நோட்டுக்காகக் காத்திருப்பதில்லை. தினமும் எட்டே முக்காலுக்குப் போன் போடுகிறார். ஜானட் ‘இல்ல’ என்று சொன்னால் விடுவதில்லை.

“இன்னாம்மா இல்ல?”

“மழதாண்ணா இல்ல. நான் கீறேன்.”

அதற்குப் பிறகுதான் சுழியத்தைத் தட்டுகிறார். சில காலைகளில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்; ஜானட் மீன் கூடையோடு பஸ்ஸில் இருப்பார். லூர்து போனைக் காதில் வைத்தபடி எழுந்து ஜன்னலுக்குப் போய், நெட்டுக்குப்பம் இருக்கும் வடக்குப் பக்கம் பார்ப்பார். வெளியே வெயில் கொளுத்தும். அப்படியும் அவர் உட்கார மாட்டார்.