எட்டாம் நம்பர் ரத்தம்

எங்கள் ஆஸ்பத்திரியில் எட்டாம் நம்பர் டோக்கன் கிடையாது. ஏழுக்கு அடுத்தது ஒன்பது. தென்காசியில் எட்டு என்று எழுதிய சீட்டை ஒரு நோயாளி கையில் கொடுத்துப் பாருங்கள். "எட்டு எங்களுக்கு ஆகாது, வேற நம்பர் தாங்க" என்று வரவேற்பு மேசையிலேயே சண்டை தொடங்கிவிடும். அதனால் எங்கள் பெரிய டாக்டர், டோக்கன் முதல் ரிப்போர்ட் வரை எல்லாவற்றுக்கும் மென்பொருள் செய்து கொடுத்த சென்னைக்காரர்களிடம் சொல்லி எட்டையே எடுக்கச் சொல்லிவிட்டார். அவர்களும் எடுத்துக் கொடுத்தார்கள். அதில் எனக்குக் கோபமே இல்லை. ஊசிக்குப் பயந்தவரைப் படுக்க வைத்து ரத்தம் எடுப்பதில்லையா, அதுபோலத்தான் இதுவும். என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது.

நான் அங்கே ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பு. கூடத்தில் ரத்த அணுக்களை எண்ணுகிற இயந்திரம் ஒன்று உண்டு. அதை விற்றது ஒரு கம்பெனி. பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் திருநெல்வேலியில் வேறொரு கம்பெனியிடம் வாங்கியது. அதற்குள் ஓடும் மென்பொருள் சென்னை. இயந்திரத்தையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் வயரை யார் போட்டார்கள் என்று இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. இத்தனை பேரில் ஒருவர்கூட அந்த இயந்திரத்திடம் போய், இந்த ஊரில் எட்டு ஆகாது என்று சொல்லவில்லை. அது பாவம், ஏழாவது குழாயை எண்ணி முடித்ததும் அடுத்ததைத் தானாகவே எட்டு என்று குறித்துக்கொள்ளும்.

ஆகவே தினமும் காலையில் ஏழாவது ரத்தம் முடிந்ததும் நான் இயந்திரத்தை நிறுத்தி, விரலால் ஒன்பது என்று அடிக்க வேண்டும். நாலு வருஷமாக அடித்தேன். மறக்காமல் இருக்க ஒரு காகிதத்தில் "ஏழுக்கு அப்புறம் ஒன்பது" என்று சிவப்பு மையில் எழுதி, இயந்திரத்தின் நெற்றியில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தேன். லட்சக்கணக்கில் செலவு செய்து வாங்கிய மூன்று சாமான்களையும் சேர்த்துவைத்தது அந்தக் காகிதம்தான். யோசித்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதற்கு முன்னால் நான் திருநெல்வேலியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். அங்கே இயந்திரம், கம்ப்யூட்டர், மென்பொருள் மூன்றும் ஒரே கம்பெனியுடையவை, ஒன்றுக்காக ஒன்று செய்யப்பட்டவை. டோக்கன் போடும்போதே கோடு கோடாக ஒரு ஸ்டிக்கர் வரும். அதைக் குழாயில் ஒட்டி உள்ளே வைத்தால், இது யாருடைய ரத்தம் என்று இயந்திரம் தானே படித்துக்கொள்ளும். எட்டை விட்டாலும் எண்பதை விட்டாலும் அதற்குக் கவலையில்லை. கெட்டுப்போனால் ஒரே ஒரு போன் நம்பர். போன் எடுத்தவர் "இது எங்களுது இல்ல" என்று சொல்ல வழியே கிடையாது, எல்லாமே அவர்களுடையது. இதைப் பெரிய டாக்டரிடம் நான் மூன்று தடவை சொல்லியிருக்கிறேன். "ஒரே கம்பெனிகிட்ட போய் மாட்டிக்கக் கூடாதும்மா" என்றார். அந்தப் பயத்திலும் நியாயம் உண்டுதான். ஆனால் மூன்று கம்பெனிகளிடம் மாட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த நியாயத்தால் என்ன பிரயோசனம்?

அன்றைக்கு நல்ல சாரல். ஜன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் ஈரம். காய்ச்சல் கூட்டம் வாசல் வரை நின்றது. நான் ரத்தம் எடுப்பதும் குழாயை இயந்திரத்தில் வைப்பதுமாக ஓடிக்கொண்டிருந்தேன். ஈரத்தில் செல்லோடேப் பசை விட்டுப்போய், காகிதம் இயந்திரத்துக்குப் பின்னால் விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. ஏழு முடிந்ததும் ஒன்பது என்று அடிக்கவும் இல்லை.

மதியம் கடைசி டோக்கன்காரர் வந்து, "எனக்கு மட்டும் ரிப்போர்ட் வரல" என்றார். அப்போதுதான் காலையில் ஒன்பது என்று அடிக்காதது நினைவுக்கு வந்தது. இயந்திரத்தின் திரையைப் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். எட்டு என்ற எண்ணில் ஒரு ரத்தம் இருந்தது. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டிய தட்டணுக்கள் இருபத்திரண்டாயிரம்தான் என்று சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. அது ஒன்பதாம் டோக்கன்காரரின் ரத்தம். கம்ப்யூட்டரில் எட்டு என்று ஆளே இல்லாததால் மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்டது. சத்தம்கூடக் காட்டவில்லை. ஒன்பதாம் ஆளுக்குப் பத்தாம் ஆளின் ரிப்போர்ட் போயிருந்தது. எல்லாம் நார்மல் என்று டாக்டர் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் இப்படியே அடுத்தவர் ரிப்போர்ட்தான் போயிருந்தது; அவர்களைப் போனில் பிடித்துவிட்டோம். யாருக்கும் பெரிய ஆபத்தில்லை. ஒன்பதாம் ஆள்தான் போனை எடுக்கவில்லை. டோக்கன் பதிவில் இருந்த விலாசத்தைப் பார்த்து ஸ்கூட்டரில் குத்துக்கல்வலசைக்குப் போனேன். அவர் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"காய்ச்சல் விட்டுட்டுக்கா. நார்மல்னு நீங்கதான சொன்னிய? சீசன் நேரம்லா, குத்தாலத்துல கடைக்கு வேலைக்குப் போயிட்டாவ."

தட்டணு இவ்வளவு இறங்கினால் டெங்குவாகத்தான் இருக்கும்; காய்ச்சல் விடும் நேரம்தான் அதில் ஆபத்தான நேரம். அதை விளக்கிக்கொண்டிருக்கப் பொறுமையில்லை. அந்தப் பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்கு ஓட்டினேன். ஈரத்துண்டும் தலையில் எண்ணெயுமாகக் கூட்டம் நடுரோட்டில் நடந்தது. எத்தனை பேரைத் திட்டினேன் என்று நினைவில்லை. எல்லோரையும் திட்டினேன்.

அவள் கணவர் அங்கே ஒரு கடையில் புரோட்டா மாஸ்டர். நாங்கள் போய் நின்றபோது மாவை வீசிக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டின் நுனியில் ரத்தம் இருந்தது.

"என்ன இது?"

"பல்லுல லேசா வருதுக்கா. ஒண்ணுமில்ல. இந்தா, இந்த மாவ மட்டும் வீசிட்டு வாரேன்."

"மாவையும் வீசாண்டாம், ஒரு எழவும் வேண்டாம். வண்டில ஏறுங்க!" என்று கத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். ஆட்டோ பிடித்து அவரையும் மனைவியையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தட்டணுக்கள் ஏற்றினார்கள். இரண்டு நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது.

அன்றைக்கே பெரிய டாக்டர் அறையில் கூட்டம். மூன்று கம்பெனியிலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். மூவரும் மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.

இயந்திரக்காரர் சொன்னார்: "எங்க சைடு ஓகே சார். மெஷின் எட்டுன்னு கரெக்டா அனுப்பியிருக்கு."

மென்பொருள்காரர் சொன்னார்: "எங்க சைடும் ஓகே சார். எட்டுன்னு பேஷண்ட் இல்ல, அதனால எடுத்துக்கல. எட்டு வேண்டாம்னு நீங்கதான் கேட்டீங்க."

கம்ப்யூட்டர்காரர் லேப்டாப்பை மூடிவிட்டு, "சிஸ்டம் சைடு பக்கா" என்றார்.

மூவரும் சொன்னது உண்மை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ஒருவராவது பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருக்கலாம். "எல்லா சைடும் ஓகேன்னா, ஆளு எப்படி சார் சாகக் கெடந்தாரு?" என்று மேசையைத் தட்டினேன். மூவரும் பெரிய டாக்டரைப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் என்னைப் பார்த்தார். "ஒன்பதுன்னு அடிக்க வேண்டியது லேப் வேலைதானம்மா? ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துருங்க" என்றார்.

கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தேன். நேராக வார்டுக்குப் போனேன். புரோட்டா மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார்.

"யக்கா, ஒண்ணு கேக்கட்டா? கோவப்படப்பிடாது. யாரு தப்புக்கா இது?"

"கம்ப்யூட்டர் பண்ணுன வேலம்மா. மெஷின் ஒண்ணு அனுப்புது, அது ஒண்ணு எடுக்குது. லேப் சைடு ஓகேதான்" என்றேன்.

வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அதே சொல், அதே குரல். மடிப்புக் கலையாத சட்டை ஒன்றுதான் குறை.

அவர் ஒன்றும் கோபப்படவில்லை. கட்டிலில் கிடந்த கணவரின் போர்வையை இழுத்துவிட்டபடி, "அப்பம் இவிய எந்த சைடுலக்கா இருந்தாவ?" என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பி, இயந்திரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி அந்தக் காகிதத்தை எடுத்தேன். சிவப்பு மை ஈரத்தில் ஊறிப் பரவியிருந்தது. விளக்கக் கடிதத்தை அன்றைக்கே எழுதினேன். "ஒன்பது என்று அடிக்க மறந்தது நான். தப்பு லேப் சைடு" என்று முதல் வரி. கூட வேலை பார்ப்பவர் எட்டிப் படித்துவிட்டு, "யக்கா, கிறுக்கா பிடிச்சிருக்கு, வேல போயிரும்" என்றார். போனால் போகட்டும் என்றுதான் எழுதினேன்.

அதற்குக் கீழே, ஒருவர் மறந்தால் ஒரு ஆள் சாகிற ஏற்பாட்டை இனி வைத்திருக்கக் கூடாது, இயந்திரமும் மென்பொருளும் ஒரே கையிலிருந்து வர வேண்டும், கெட்டால் பதில் சொல்ல ஒருவர் வேண்டும் என்று எழுதினேன். நனைந்த காகிதத்தையும் கடிதத்தோடு சேர்த்துப் பின் பண்ணினேன்.

பிறகு வார்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம், "மறந்தது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்க்கா" என்றார். "அன்னைக்கு வண்டி ஓட்டும்போது வழியெல்லாம் உங்களயேதான் திட்டிக்கிட்டு வந்திய."