நான் வெட்டிய வரி

எஸ்தர் இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்குக் கைபேசியில்தான் வந்தது. யாரோ யாருக்கோ அனுப்பியதை யாரோ எனக்கும் தள்ளிவிட்டிருந்தார். நம்பவில்லை. "யாரு சொன்னா? அவருக்கு யாரு சொன்னா?" என்று எதற்கும் கேட்பவர் அவர். அவரிடம் தொற்றிய பழக்கத்தில் அவர் கணவரை அழைத்தேன். "நெசந்தாண்ணே. மாரடைப்பு. கெளம்பி வாங்க" என்றார்.

எங்கள் நாளிதழின் தஞ்சை அலுவலகத்துக்கு நெல் கொள்முதல் செய்தி எழுத வந்தவர் எஸ்தர். பையன்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போனபோது ஊர்ச் சண்டையும் கூடவே விமானம் ஏறிவிட்டது என்பதை எங்களில் முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். அங்கிருந்தபடி நடத்தப்படும் சாதி வாட்ஸ்அப் குழுக்களில் சொந்தப் பெயரிலேயே சேருவார். விரட்டினால் வேறு எண்ணில் மீண்டும் சேருவார். 'போன் நோண்டி நிருபர்' என்று கேலி செய்வோம். சிரிப்பார். நாளெல்லாம் அந்தப் போனில் வசவு வந்துகொண்டிருக்கும். சில நாள் மத்தியானச் சோற்றை இரண்டு வாய் உண்டுவிட்டு டப்பாவை மூடிவிடுவார்.

ஒருமுறை குடவாசல் பக்கம் எங்கள் ஊரில் ஒரு குரல் பதிவு பரவியது. "நம்ம பயல வெட்டிக் கம்மாயில போட்டுட்டாங்கடா, கெளம்புங்கடா" என்று ஒருவன் அழுதான். காலனிக்குள் புக ஆட்கள் கூடிவிட்டார்கள். நானும் அதை மூன்று முறை கேட்டுக் கொதித்தேன். எஸ்தர் ஒரே முறை கேட்டார். "குடவாசல்ல ஏதுண்ணே கம்மாய்? நாம கொளம்னுதான சொல்லுவோம்? இது தெக்கத்தி ஆளு பேச்சு." அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு போலீசிடமும் ஊர்க்காரர்களிடமும் மாறி மாறிப் பேசினார். கூட்டம் கலைந்தது.

மறுநாள் அவர் எழுதித் தந்த செய்தியின் கடைசி வரியில், எங்கோ எடுத்த அந்தப் பதிவை எங்கள் ஊரில் நடந்ததாகச் சொல்லிக் குழுவில் போட்டவரின் பெயர் இருந்தது. என் தம்பி.

"அவன் ஏமாந்திருப்பாம்மா" என்றேன்.

"அவர்ட்டயே கேட்டேண்ணே. 'நம்ம ஊர் இல்லன்னு தெரியும், அதுக்கென்ன இப்ப'ன்னாரு."

செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் வேலை. பக்கத்தில் இடமில்லை என்று அந்த வரியை வெட்டினேன். காலையில் பேப்பரைப் பார்த்துவிட்டு அவர் சத்தம் போடவில்லை. "இன்னொரு ஊருக்கும் போடுவாரு, பாத்துக்கிட்டே இருங்க" என்றார்.

மூன்றே மாதத்தில் போட்டான். அந்த ஊரில் நான்கு வீடுகள் எரிந்தன. எஸ்தர் அங்கிருந்தே போனில் செய்தி சொல்ல, நான் எழுதி எடுத்தேன். கடைசியில், "அனுப்புனவர் பேரு… அத நீங்களே போட்டுக்குங்கண்ணே" என்றார். நான் போடவில்லை. அதற்குப் பிறகும் அவர் என்னை அண்ணன் என்றுதான் அழைத்தார். அதை என்னால் தாங்க முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டு என்ன ஆகப்போகிறது? அவரை அறிந்த உங்களிடம் இந்த இரங்கல் குறிப்பில் சொல்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது நான் வெட்டிய அந்த வரி ஒன்றுதான். அவர் எழுதியபடியே இதோ: "பதிவைக் குழுவில் இட்டவர் துபாயில் வேலை செய்யும் முருகேசன், இந்த நாளிதழின் துணை ஆசிரியர் ரெங்கராஜனின் தம்பி."